எண் வரிசையில் வந்த செம்பு

ஸ்கல்பின் கோவ் என்கிற கடலோர ஊரில் லீயாண்டர் பார்டி என்று கேட்டால் யோசிப்பார்கள். செம்பு லீயாண்டர் என்றால் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள்.

வாலிபத்தில் அவர், மலையில் உலோகம் தேடுகிற அரசாங்கத்து ஓடை சர்வேயில் கூலியாளாக இருந்தார். ஹெலிகாப்டர் மலைமேல் கொண்டுபோய் இறக்கிவிடும். ஓடை நடுவில் இறங்கி, அடியில் படிந்த நைசான மண்ணை அள்ளிக் காகிதப் பையில் போட வேண்டும். அங்கேயே ஒரு பாட்டில் தண்ணீரும் பிடித்து, இரண்டிலும் ஒரே நம்பரை எழுதிச் சுமந்து வர வேண்டும். அந்தத் தண்ணீரில் கை விட்டால் எலும்பு வரைக்கும் வலிக்கும். நியூஃபவுண்ட்லாந்தின் அந்தக் கரையில் வேறெங்கும் இல்லாத செம்பு அவர் அள்ளின மண்ணில் இருப்பதாக ஆய்வகத்திலிருந்து கணக்கு வந்தது. யாராவது புகழ்ந்தால், செம்பைக் கடவுள் வைத்தார், தான் அள்ளினதோடு சரி என்று தலையைக் குனிந்துகொள்வார். குனிந்த தலை நிமிர நேரமாகும், இன்னொருவரும் புகழட்டுமென்று.

இந்தக் கோடையில் அந்தப் பேருக்கு ஒரு பலன் வருவதாக இருந்தது. டொரொன்டோ கம்பெனி ஒன்று பழைய கணக்கைப் பார்த்துவிட்டு, ஹெலிகாப்டரில் வரப்போவதாகவும் இடம் காட்ட அவரும் ஏறிக்கொள்ள வேண்டுமென்றும் சொல்லியிருந்தது. செம்பு கிடைத்தாலும் ஒன்றுதான், கிடைக்காவிட்டாலும் ஒன்றுதான் அவருக்கு. முழங்கால் இரண்டும் தேய்ந்துபோய், சமையலறை ஜன்னலில் தெரிகிற மலை அவருக்கு எட்டாமல் போய் வருஷக்கணக்காகிறது. இன்னொரு தடவை மேலே போய் ஒரு ஓடைக்குள் நிற்க வேண்டும். வேறு ஆசையில்லை. அதற்கென்று புதுத் தொப்பி வாங்கினார். ஏறிப் பழகுவதற்காக நாற்காலிமேல் ஒரு காலைத் தூக்கி வைத்து, மேசையைப் பிடித்துக்கொண்டு எம்பிப் பார்த்தார்.

"ஏறு, ஏறு. விழுந்தா அள்ளிப் பையில போட்டு நம்பர் எழுதிர்றேன்" என்றாள் பெண்டாட்டி கெசியா.

அந்தச் சமயத்தில்தான் ரோவீனா வந்தாள். தலைநகரத்து நிலவியல் அலுவலகத்துப் பெண். பழைய சர்வேக் கணக்கை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, தப்பைக் களைந்து, திரும்ப வெளியிடுவது அவள் பொறுப்பு. அந்த சர்வேயில் நடந்தவர்களில் உயிரோடு இருப்பவர் லீயாண்டர் ஒருவர்தான் என்று தேடிப்பிடித்து வந்திருந்தாள். கெசியா பொரித்த ரொட்டியில் வெல்லப்பாகை ஊற்றி முன்னால் வைத்தாள். ரோவீனா விரலை நக்கிக்கொண்டே மடிக்கணினியைத் திறந்தாள்.

முதலில் எல்லாம் சிரிப்பாகத்தான் போயிற்று. ஒரு மண் நடுக்கடலில் எடுத்ததாகப் பதிவாகியிருந்தது. யாரோ எண்களை இடம் மாற்றித் தட்டியிருந்தார்கள். அன்றைக்கு மழை ஜாஸ்தி, ஓடை அதுவரைக்கும் வந்திருக்கும் என்றார் லீயாண்டர். இன்னொரு ஓடையில் செம்பு மைனஸ் இரண்டு என்று இருந்தது. இரண்டுக்குக் கீழே இருந்தால் அந்தக் காலத்து எந்திரத்துக்குத் தெரியாது, அதனால் அப்படிக் குறித்தார்கள் என்று ரோவீனா விளக்கினாள்.

"நான் வேற மாதிரில்ல நெனச்சேன். அந்த ஓடைக்கு நாமதான் செம்பு பாக்கி வெச்சிருக்கோமோன்னு" என்றார் அவர்.

பிறகு அவள் அவருடைய செம்பைத் திறந்தாள். வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகள். லீயாண்டர் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு, பேரப்பிள்ளைகளின் படத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ரோவீனா சிரிக்கவில்லை. புள்ளிகள் மூன்று பள்ளத்தாக்குகளில் சிதறிக் கிடந்தன. இரண்டு சிவப்புப் புள்ளிகளுக்கு நடுவில் ஓடுகிற ஓடையில், பிந்தி எடுத்த மண்ணில், செம்பே இல்லை. அவள் வரைபடத்தை மூடிவிட்டு, பை நம்பர்படி எல்லாவற்றையும் அடுக்கிக் காட்டினாள். செம்பு ஒரு நம்பரில் திடீரென்று ஆரம்பித்து, வரிசையாக வந்து, ஒரு நம்பரில் திடீரென்று நின்றது. அதே நம்பர் போட்ட தண்ணீர் பாட்டில்களில் செம்பு துளிகூட இல்லை.

"பாறைக்குப் பை நம்பர் தெரியாது, மாமா" என்றாள். "பாட்டில் மூடியிருந்துச்சு, பை மூடல. ஈரப் பையை எல்லாம் எங்க காய வெச்சீங்க?"

அவள் கேட்டு முடிக்கும் முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது. செம்பு போனால் கம்பெனி வராது. கம்பெனி வராவிட்டால் ஹெலிகாப்டரும் இல்லை.

"கூடாரத்துல" என்றார்.

"எந்தக் கூடாரம்?" என்று கெசியா அடுப்பைவிட்டு வந்து உட்கார்ந்தாள். "அதத்தான் காத்து கடலுக்குத் தூக்கிட்டுப் போயிருச்சே. எங்கப்பா படகுக் கொட்டகையிலதான பை பூரா தோரணம் மாதிரி தொங்குச்சு?"

லீயாண்டர் இருமினார். அவள் தேநீர்க் கோப்பையை அவர் பக்கம் தள்ளிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தாள். கல்யாண வீடு தவறாமல் அவள் சொல்கிற கதை அது. மேகம் இறங்கி ஹெலிகாப்டர் கிளம்ப முடியாமல் கிடந்த வாரம். மற்ற ஆட்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். இந்த ஒரு பையன் மட்டும் அவள் அப்பாவின் படகுக்கு அடியில் மல்லாந்து கிடந்து, பழைய பூச்சை எல்லாம் சுரண்டித் தேய்த்து எடுத்தான். எந்த ஆம்பளையையும் நம்பாத அவள் அப்பா, இவன் தேவலை என்றார். இந்தக் கடற்கரைப் பையன்களுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. அதிலும் வீட்டில் ஒரு பெண் இருந்தால், படகின் அடி பளபளக்காமல் விடமாட்டார்கள்.

"அந்தச் சொரண்டலுக்குத்தான் என்னையக் குடுத்தாரு" என்று கெசியா பெருமையாக முடித்தாள்.

லீயாண்டர் அவளை நிறுத்தச் சொல்லி மேசைக்கடியில் காலால் தட்டினார். தட்டுப்பட்டது ரோவீனாவின் கால். அவள் காலை நகர்த்திக்கொண்டு கேட்டாள்.

"படகுக்கு அடியில என்ன பூசியிருந்துச்சு, மாமா?"

"ஏதோ செவப்பு" என்றாள் கெசியா.

காவி என்று சொல்லிவிட்டால் போதும். மீன் கொட்டகைகளுக்கு எல்லாம் அடிக்கிற காவி, அதுவும் சிவப்புதான். அதில் இரும்புதான் இருக்கும், செம்பு கிடையாது. ஒரே சொல். ஜன்னலுக்கு வெளியே மலை அன்றைக்கென்று மேகமில்லாமல் நின்றது. கெசியா இன்னும் அந்தக் கதையிலேயே சிரித்துக்கொண்டிருந்தாள். அவருக்குப் பைகள் ஞாபகம் வந்தன. விரல் மரத்துப்போய் பென்சில் பிடிக்க முடியாத நாளிலும் அவர் ஒரு பையில்கூட நம்பரை மாற்றி எழுதினதில்லை. எழுதினதெல்லாம் சரி, சொல்வது மட்டும் தப்பு என்று ஆகிவிடும்.

"செம்புப் பெயின்ட்" என்றார். "அடியில பாசி புடிக்காம இருக்கத்தான் அதப் பூசுவாங்க. சொரண்டுனா புழுதியா பறக்கும். மூக்கச் சிந்துனாக்கூட செவப்பா வரும்."

பிறகு கெசியா ஏப்ரனால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"கடவுள் வெச்சதுன்னு ஊரெல்லாம் சொன்னியே மனுஷா. வெச்சது நீதானா?"

ரோவீனா எண்களை அழிக்கவில்லை. பழைய எண்ணை அழிக்கக்கூடாதாம், பக்கத்தில் ஒரு குறிப்புதான் போட வேண்டுமாம். அவள் தட்டத் தட்ட அவருடைய சிவப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாகச் சாம்பல் நிறமாயின. லீயாண்டர் கடைசிப் புள்ளி வரைக்கும் கூடவே இருந்து பார்த்தார்.

கம்பெனி மரியாதையாக மன்னிப்புக் கேட்டு ஒதுங்கிக்கொண்டது. ஊர் அவ்வளவு மரியாதை பார்க்கவில்லை. மறுநாளே பெயின்ட் லீயாண்டர் என்றார்கள். கடையில் ஹூபர்ட் ஸ்னூக், தன் உருளைக்கிழங்குத் தோட்டத்தில் ஒரு சுரங்கம் வேண்டியிருக்கிறது, படகைக் கொண்டுவந்து போட்டால் மேலே சுரண்டிவிட முடியுமா என்று முகம் மாறாமல் கேட்டான். லீயாண்டர் புதுத் தொப்பியை அலமாரிக்குள் வைத்தார்.

கோடை முடியும்போது ரோவீனா போன் செய்தாள். குறிப்புப் போட்டாயிற்று, ஆனால் அந்த ஓடைகளுக்கு இப்போது நம்பக்கூடிய எண்ணே இல்லை. வேறு வேலையாகப் பறக்கிற அலுவலக ஹெலிகாப்டரில் போய்ப் புதிதாக மண் எடுக்கப் போகிறார்கள். பழைய வரைபடத்தில் பென்சில் புள்ளி ஒவ்வொன்றும் இரண்டு ஓடையை மூடுகிற பருமன், எது எதென்று காட்ட ஆள் வேண்டும். விமானிக்கு அவருடைய எடை தெரிய வேண்டுமாம். லீயாண்டர் ஒரு எடை சொன்னார். பின்னாலிருந்து கெசியா சரியான எடையைக் கத்திச் சொன்னாள்.

மேலே போனதும் அவருக்கு ஒன்றும் அடையாளம் தெரியவில்லை. பீவர் என்கிற நீரெலிகள் அணை கட்டி ஓடைகளைக் குளமாக்கியிருந்தன, மரம் வெட்டுகிறவர்கள் போட்ட பாதைகள் எங்கும் கிடந்தன. அதற்காகச் சும்மா வர முடியுமா? ஒரு ஓடையைப் பார்த்து அழுத்தமாகக் கை நீட்டினார். ரோவீனா கையிலிருந்த கருவியைப் பார்த்துவிட்டு, பக்கத்துப் பள்ளத்தாக்கு என்றாள். அதைத்தான் சொன்னேன், ஹெலிகாப்டர் ஆடினதில் கை நகர்ந்துவிட்டது என்றார் அவர்.

ஓடையில் மண்ணைத் தொட அவள் விடவில்லை. கல்யாண மோதிரத்தைக் கழற்றச் சொன்னாள், அது சதைக்குள் புதைந்துபோய் அசைய மறுத்தது. மோதிரம் உரசினால் நாளைக்கு இங்கே தங்கம் என்று கணக்கு வரும் என்றாள். அதனால் அவருக்குப் பாட்டில் மூடியைப் பிடித்துக்கொண்டிருக்கிற வேலை. முழங்கால் வரைக்கும் தண்ணீரில் நின்றார். குளிர் ஏறி, மூட்டு வலி மரத்து, எலும்பு பழையபடி வலித்தது. அவள் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்த பிறகுதான் வெளியே வந்தார்.

முடிவு வந்தபோது மலையில் பனி விழுந்திருந்தது. செம்பு சாதாரணம்தான் என்று ரோவீனா போனில் வருத்தமாகச் சொன்னாள். நிக்கல் பார்த்தார்களா என்று கேட்டார். பார்த்தார்கள், அதுவும் சாதாரணம். துத்தநாகம்? சாதாரணம். இவ்வளவு சாதாரணமான ஓடைகளை அந்தக் கரையில் தான் பார்த்ததே இல்லை என்றாள்.

லீயாண்டர் ஜன்னலில் தெரிகிற மலைப் பக்கம் திரும்பினார்.

"அதான் சந்தேகமா இருக்கு, கண்ணு" என்றார். "எல்லாமே சாதாரணமா எப்படி வரும்? ஒரு தடவ பாத்துட்டு முடிவு கட்டாதீங்க. அடுத்த கோடையில இன்னொரு தடவ போயி எடுத்துருவோம். ஒங்க கணக்கு சுத்தமா இருக்கணும்ல?"