கங்காவுக்கு வாய் கொடுத்தவள்

அந்தப் பொம்மைப் படத்தை எடுத்தவன் மகா கஞ்சன். கதையில் இரண்டு பெண்கள், இரண்டு பேருக்கும் பதினைந்து வயது, ஒரே தெரு, ஒரே வகுப்பு. படம் வரைந்தவன் ஒருத்தியைத்தான் வரைந்திருந்தான். அதே மூக்கு, அதே முட்டைக் கண், அதே பாவாடை சட்டை. ரிப்பன் மட்டும் வேறு. நீல ரிப்பன் கட்டினால் வர்ஷா, சிவப்பு ரிப்பன் கட்டினால் கங்கா. ஹைதராபாத்தில் ஏ.சி. போட்டுக்கொண்டு உட்கார்ந்து இதைத்தான் செய்திருந்தார்கள்.

படம் தெலுங்கு டிவியில் வாராவாரம் நன்றாக ஓடியதாம். தமிழ் சேனல் ஒன்று கேட்டது. சென்னையில் குரல் கொடுப்பவர்கள் அதிகம் கேட்பார்கள், சித்தூர் ஜில்லாத் தமிழர்கள் மலிவு, ரெண்டு பாஷையும் தெரியும் என்று யாரோ ஒரு புண்ணியவான் சொல்லியிருக்கிறான். அதனால் திருப்பதியில், அதுவரை பக்திப் பாட்டு சி.டி. போட்டுக்கொண்டிருந்த ஒரு ஸ்டுடியோவுக்கு அந்த வேலை வந்தது. டப்பிங் டைரக்டர் என்று தேவேந்திரன் வந்தான். வெயிலே இல்லாத அறைக்குள்ளும் கூலிங் கிளாஸை நெற்றியில் ஏற்றி வைத்திருப்பான்.

நான் யசோதா. நகரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தமிழ் மீடியத்தில் பத்தாவது தேறியவள். வீட்டுக்காரர் கோவர்த்தனன் குவைத்தில் டிரைவர். மகள் தரணியின் படிப்புக்காகத் திருப்பதியில் வாடகை வீடு எடுத்திருந்தோம். அதே தெருவில் என் நாத்தனார் சந்திரம்மா குடியிருந்தாள். அவள் புருஷன் வேலை பார்த்த அம்பத்தூர் கம்பெனியை மூடிவிட்டதால் குடும்பத்தோடு திரும்பி வந்தவர்கள். அவள் மகள் சந்தியாவும் தரணியும் ஒரே வயது. சந்தியா ஏழாவது வரை அங்கே தமிழ் படித்தவள். தரணி படித்ததெல்லாம் தெலுங்கும் இங்கிலீஷும்.

குரல் டெஸ்டுக்கு இரண்டு பேரையும் கூட்டிப் போனோம். தேவேந்திரன் ஒரு காகிதத்தை நீட்டினான். 'நான் வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்' என்று எழுதியிருந்தது. சந்தியா உள்ளதை உள்ளபடி படித்தாள். தரணிக்குத் தமிழ் எழுத்து தெரியாது, காதில் சொன்னேன். அவள் மைக் முன்னால் போய் நின்று, வீட்டில் எப்படிச் சொல்வாளோ அப்படிச் சொன்னாள்.

"நானு வாயப்பயம் துன்னுகினு கீறேன்."

மைக் அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். தேவேந்திரன் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தான். "இதாங்க! கங்கா கெடச்சுட்டா!" என்றான். சந்தியா வர்ஷாவானாள், என் மகள் கங்காவானாள். டிவியில் பேசப் போகிறோம் என்று தரணி அன்றைக்கு வீடு வரும்வரை குதித்துக்கொண்டே வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரிக்கார்டிங். வயசுப் பெண்ணைத் தனியாக அனுப்ப முடியாதென்று நானும் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். எனக்குத் தெலுங்கும் புரியும், தமிழும் புரியும். அதுதான் வினை.

தெலுங்கில் அந்த இரண்டு பெண்களும் ஒரே தெலுங்கைத்தான் பேசினார்கள். நீல ரிப்பன் பக்கத்து வீட்டு மரத்தில் கொய்யா பறித்தாள். இரண்டு வாரம் கழித்துச் சிவப்பு ரிப்பனும் அதே மரத்தில் அதே கொய்யாவைப் பறித்தாள். கஞ்சன் பழைய படத்தையே மறுபடி ஓட்டியிருந்தான். தெலுங்கில் வசனமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தமிழில் வர்ஷா, "ஆஹா, எவ்வளவு அழகான கொய்யா! ஒன்றே ஒன்று பறித்துக்கொள்ளட்டுமா?" என்றாள். பின்னால் வீணை. கங்காவுக்குத் தேவேந்திரன் எழுதிக் கொடுத்தது, "ஏய், எவனும் இல்ல, அத்துக்கினு ஓடியாந்துடு!" பின்னால் 'டொய்ங்' என்று ஒரு சத்தம். அவள் பறித்தால் குறும்பு, இவள் பறித்தால் திருட்டு. கணக்கில் இரண்டு பேரும்தான் ஃபெயில். வர்ஷா அழுதபோது தேவேந்திரன் பார்க்கிறவர்களையும் அழ வைத்தான். கங்கா அழுதபோது சிரிக்க வைத்தான். போகப்போக ஒருத்தி தங்கக் கட்டியாகவும் ஒருத்தி தறுதலையாகவும் ஆகிவிட்டார்கள். படத்தில் ஒரு கோடு மாறவில்லை.

ஒரு நாள் பொறுக்காமல் கேட்டேன். "ஏன் சார், தெலுங்குல ரெண்டும் ஒண்ணாத்தானே பேசுதுங்க? தமிழ்ல மட்டும் இவளுக்கு ஏன் இப்டி?"

"ஆடியன்ஸுக்கு வித்தியாசம் தெரியணும்மா. மூஞ்சி ஒண்ணா இருக்கே."

"அதுக்குத்தானே ரிப்பன் கட்டிக்கீறான்."

"ரிப்பன் கண்ணுக்கு. ஸ்லாங் காதுக்கு," என்றான். பெரிய வேதாந்தி! சொல்லிவிட்டு, யாராவது குறித்துக்கொள்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தான்.

படம் டிவியில் வர ஆரம்பித்தது. திருப்பதியில் தரணியோடு படிக்கிறவர்கள் தெலுங்கில்தான் பார்த்தார்கள், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் சொந்தக்காரர்கள்தான் தமிழில் பார்த்தார்கள். புத்தூரில் ஒரு காது குத்து. அம்பத்தூர், ஆவடி, பெங்களூர் என்று பிழைக்கப் போனவர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். பந்தியில் நாங்கள் உட்காரும்போது, பெங்களூரில் கால் சென்டரில் இருக்கிற என் ஓரகத்தி மகன் பவன்குமார் சத்தம் போட்டான்.

"டேய், கங்கா வந்துட்டாடா! எலையப் போடு, துன்னட்டும்!"

பந்தியே சிரித்தது. எனக்கு வந்த கோபத்துக்கு சாம்பார் வாளியை அவன் தலையில் கவிழ்த்திருக்கலாம். சிரித்த அத்தனை பேரும் வீட்டில் துன்னுகிறவர்கள்தான். அவனே போன வருஷம் வரைக்கும் 'இன்னா சித்தி, கொயம்பு வெச்சிட்டியா' என்று என் வீட்டுக்குள் நுழைந்தவன்தான். இங்கிலீஷ்காரனுக்கு ராத்திரியெல்லாம் போனில் பதில் சொல்லிவிட்டு வந்து, இங்கே எங்கள் வாயைக் கேலி செய்கிறானாம். அந்தப் பக்கம் சந்தியாவைச் சுற்றி ஒரு கூட்டம், வர்ஷா மாதிரி பேசிக் காட்டச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தது. அவளும் இளவரசி கணக்காக உட்கார்ந்து பேசிக் காட்டினாள். தரணி இலையைத் தொடவில்லை.

திரும்பும் பஸ்ஸில் கேட்டாள். "யம்மா, நம்ம பேச்சு அசிங்கமா மா?"

"எவன் சொன்னான்? அவன் மூஞ்சிதான் அசிங்கம்," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் பேச்சே குறைந்துபோயிற்று. குவைத்திலிருந்து அவள் நைனா போன் செய்தால் 'ம்', 'ம்ஹும்' என்பாள். பரீட்சையில் போனால் மறுபடி எழுதலாம். தன் வாயைக் கண்டு தானே கூச ஆரம்பித்துவிட்ட பெண்ணை நான் எந்த டியூஷனில் கொண்டுபோய்ச் சேர்ப்பது?

"இந்தக் கருமாந்தரமே வேணாம், நின்னுடலாம் வா," என்றேன்.

தலையை ஆட்டினாள். "நிக்க மாட்டேன். வர்ஷா குடுத்தாப் பேசுறேன்."

அதையாவது வாங்கிக் கொடுத்துவிட்டால் பழையபடி ஆகிவிடுவாள் என்று நினைத்தேன். சமயமும் வாகாக வந்தது. கதையில் பெண்கள் பத்தாவது முடித்து இன்டர், அதாவது பதினொன்றாவது, சேர வேண்டும், புது சீசன். குரல் மாறினாலும் எவனும் கேட்கப்போவதில்லை.

அடுத்த ஞாயிறு ஸ்டுடியோ படியேறிக்கொண்டிருந்தேன். பெண்கள் சந்திரம்மாவோடு முன்னாலேயே மேலே போய்விட்டார்கள். திருப்பத்தில் தேவேந்திரன் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"இன்னாம்மா, துன்னியா? ... மாத்திர போட்டியா? ... கார்வேட்டிநகரம் பஸ்ஸுக்கு நின்னுகினு கீறியா? செரி செரி, நானு வேலையா கீறேன், அப்பால பேசுறேன்."

காதில் தேன் பாய்ந்தது எனக்கு. கார்வேட்டிநகரம் எங்கள் சித்தூர் ஜில்லாதான். அவன் திரும்பி என்னைப் பார்த்ததும் கூலிங் கிளாஸைக் கண்ணுக்கு இறக்கிவிட்டான்.

"அம்மா... ஊர்லேர்ந்து," என்றான்.

"எந்த ஊரு சார் உங்களுக்கு?"

"சென்னைக்குப் பக்கம்."

"கார்வேட்டிநகரம் எப்போ சார் சென்னைக்குப் பக்கத்துல போச்சு?"

அவன் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் எது வருமோ என்று பயம் போல. தூ, இதுவும் ஒரு பிழைப்பா! பெற்றவளிடம் பேசுகிற பேச்சை என் மகள் வாயில் போட்டுக் காசாக்குகிறவன்.

"வர்ஷாவை என் பொண்ணு பேசட்டும், கங்காவை சந்தியா பேசட்டும்," என்றேன். "முடியாதுன்னா சொல்லு, மேலே போயி நீ எந்த ஊருன்னு எல்லாருக்கும் சொல்லிட்டு அப்டியே கூட்டிகினு போயிடுறேன்."

"உங்க பொண்ணுக்கு அந்தத் தமிழ் வராதும்மா. வேணும்னா டெஸ்ட் வெச்சுக் காட்டுறேன், பாருங்க."

டெஸ்ட் வைத்தான். வேண்டுமென்றே பொறுக்கி எடுத்தான்: 'உழைத்து வாழ்வதே அழகு, தோழி. விழுந்தாலும் எழுந்து நிற்போம்.' யார் எழுதிய வசனமோ, கேட்டாலே பல் கூசும். நான் காதில் சொல்லப் போனேன். தரணி வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, அவன் சொன்னதை ஒரு தரம் கேட்டாள். பிறகு பேசினாள். ஒரு 'ழ' பிசகவில்லை. இத்தனை மாதமும் ஹெட்போனில் சந்தியா பேசுவதைக் கேட்டுக் கேட்டு, யாருக்கும் தெரியாமல் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். சந்தியாவைவிட நன்றாகவே இருந்தது. தேவேந்திரன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். நான் அவனைப் பார்த்து, 'இப்ப இன்னா சொல்றே' என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தேன். என் மகள் என்று எனக்கு அவ்வளவு பெருமை.

இப்போது சந்தியாவின் கையில் கங்காவின் வசனத்தைக் கொடுத்தான். அவள் வாங்கவில்லை.

"எனக்கு அந்த மாதிரியெல்லாம் பேச வராது சார்," என்றாள்.

பக்கத்தில் நின்ற சந்திரம்மா சேர்ந்துகொண்டாள். "ஆமா சார், எங்க வூட்ல யாரும் அப்டி பேசிகினு கெடயாது!"

சவுண்ட்காரன் தெலுங்கன், அவன்கூட வாயைப் பொத்திக்கொண்டான். அந்த மகராசிக்கு ஒன்றும் உறைக்கவில்லை. மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

தேவேந்திரன் காகிதத்தை மேசையில் போட்டான். "கங்கா இல்லாம வர்ஷாவ வெச்சுகிட்டு நான் என்ன பண்றது? பழையபடி இந்தப் பொண்ணே கங்கா பேசட்டும். வர்ஷாவுக்கு வேற ஆள் பாத்துக்குறேன்."

தரணியின் முகம் செத்துப்போயிற்று. ஒரு நிமிஷம்தான். பிறகு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

"சார், எங்கம்மா பேசுவாங்க," என்றாள். "அவங்களுக்குப் பிராக்டீஸே வேண்டாம். அவங்க பேசுறதே அப்படித்தான்."

விளையாட்டுக்குச் சொல்கிறாளோ என்று பார்த்தேன். விளையாட்டில்லை. தேவேந்திரன் கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான். சின்னப் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் குரல் கொடுப்பது இந்தத் தொழிலில் சகஜமாம், கொஞ்சம் கீச்சென்று பேசினால் போதுமாம். படிக்கட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டதற்கு வட்டி வந்துவிட்டது அவனுக்கு. முடியாது என்று சொல்லியிருப்பேன். சொன்னால் என் பெண் மறுபடி கங்கா. போய் அவள் பக்கத்தில் நின்றேன்.

புது சீசனின் முதல் காட்சி. வர்ஷா ஹைதராபாத்துக்குப் படிக்கப் போகிறாள். கங்கா பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிவருகிறாள். தெலுங்கில் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். தமிழில் என் கையில் கொடுத்திருந்தது: 'அடியே வர்ஷா, என்ன உட்டுட்டுப் போறியே, அங்க போயி இன்னாத்தடி துன்னுவே?'

ரிக்கார்டிங் விளக்கு எரிந்தது. எனக்குள் ஏதோ ஏறிக்கொண்டது. "வர்ஷா, என்னை விட்டுவிட்டுப் போகிறாயே, அங்கே போய் என்ன சாப்பிடுவாய்?" என்று பேசினேன். தமிழ் மீடியம் சும்மாவா? அந்தச் சிவப்பு ரிப்பன்காரியும் ஒரு தரம் மனுஷியாகப் பேசட்டும் என்று இருந்தது.

"மள்ளீ," என்றான் சவுண்ட்காரன். இன்னொரு தரமாம். இன்னொரு தரமும் அப்படியேதான் பேசினேன். "அம்மா, பேப்பர்ல இருக்கிறதப் பேசுங்க!" என்று தேவேந்திரன் கத்தினான். மூன்றாவது தரம் இன்னும் திருத்தமாகப் பேசினேன். அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

தரணி என் முழங்கையைப் பிடித்தாள். மைக்கைக் கையால் மூடிக்கொண்டு என் காதில் சொன்னாள். "யம்மா, கெடுக்காத மா. எனக்கோசரம் ஒரு தபா... வூட்ல பேசுற மாரியே பேசு மா."

பேசினேன். "அடியே, என்ன உட்டுட்டுப் போறியே... அங்க போயி இன்னாத்தடி துன்னுவே?" வர்ஷா என்ற பெயரைச் சொல்ல மறந்துவிட்டேன். பொம்மையைப் பார்க்கவும் இல்லை, பக்கத்தில் நின்ற என் பெண்ணைப் பார்த்துத்தான் கேட்டேன்.

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அங்கே எல்லாம் கிடைக்கும், கங்கா. முதலில் நீ ஒழுங்காகப் பேசக் கற்றுக்கொள்."

"ஓகே! சூப்பர்!" என்றான் தேவேந்திரன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிரித்தார்கள். கங்கா அழுதால் சிரிக்க வேண்டும் என்று அவர்களுக்குப் பழகிவிட்டது.

தரணி ஹெட்போனைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினாள். தலைமுடியைச் சரிசெய்துகொண்டு என் பக்கம் திரும்பினாள். முகத்தில் அத்தனை நாள் காணாத சிரிப்பு.

"நல்லாப் பேசினீங்கம்மா," என்றாள்.

பேச்சு வந்த நாளிலிருந்து என்னை 'நீ' என்று மட்டுமே கூப்பிட்டவள்.