கையில் கொடுக்காத கத்தி

ரோச்சின் மடக்குக் கத்தியை அல்போன்சா தன் சக்களத்தியாகவே நினைத்தாள். கல்யாணமாகி ஒன்பது மாதத்தில், அது அவன் சட்டைப் பையில் இல்லாமல் அவனை அவள் பார்த்ததில்லை. மாலத்தீவுக்குச் சரக்குத் தோணியில் வேலைக்குப் போய்வந்த காலத்தில் வாங்கியதாம். கடலில் வலை நூல் அறுக்கவும் அதுதான், வீட்டில் மாங்காய் நறுக்கவும் அதுதான். சாயங்காலமானால் விரித்துத் துடைத்து, மடக்கும் இடத்தில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுவான். கட்டிய பெண்டாட்டியின் தலைக்கு ஒரு நாளாவது எண்ணெய் வைத்திருப்பானா? ஒரு துண்டு இரும்புக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்!

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். பால் பாக்கெட் வெட்டக் கத்தியைக் கேட்டால் அவள் கையில் கொடுக்க மாட்டான். மடக்கித் தரையில் வைத்து, விரலால் அவள் பக்கம் தள்ளிவிடுவான். அல்போன்சா ஆத்தூர்க்காரி. அவள் அப்பாவின் வெற்றிலைக் கொடிக்காலில் எல்லாரும் கத்தியைக் கைக்குக் கை வாங்கிக்கொள்வார்கள். இவன் மட்டும் வேண்டாதவளுக்குப் போடுவதுபோலப் போடுகிறானே என்று நெஞ்சு கொதிக்கும். ஏன் என்று கேட்க ரோஷம் விடவில்லை.

போன செவ்வாய்க்கிழமை சாப்பாட்டுத் தூக்குடன் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனாள். ஏலம் முடிந்திருந்தது. மீன் எடுக்க வந்த வியாபாரி விஜிலா, ஐஸ் பெட்டிக் கயிற்றை அறுக்க ரோச்சிடம் கை நீட்டினாள். அவன் கத்தியை எடுத்து அந்த உள்ளங்கையிலேயே வைத்தான். தரையுமில்லை, தள்ளலுமில்லை! விஜிலா சிரித்துக்கொண்டே என்னவோ சொன்னாள். அல்போன்சா தூக்கை நங்கென்று படகில் வைத்துவிட்டு பஸ் ஏறினாள்.

அன்று சாயங்காலம் அவன் குளிக்கப் போனதும் சட்டைப் பையில் கையை விட்டாள். கருவாடு போட வைத்திருந்த உப்புப் பானையின் அடியில் கத்தியைப் புதைத்தாள். கிடக்கட்டும் சனியன்.

ரோச் நாலு நாள் தேடினான். கட்டிலுக்கு அடியில், பைக் சீட்டுக்கு அடியில், வலைக் குவியலுக்குள். சோறு இறங்கவில்லை. வெறும் பையைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டான். பார்க்கப் பார்க்க அவளுக்குப் பொறாமை கூடியது. நான் காணாமல் போனால் இப்படித் தேடுவானா?

ஐந்தாம் நாள் அடக்க முடியவில்லை.

"அந்த விஜிலாட்ட போய்க் கேளுங்க. அவ கையிலதான ஆசையாக் குடுத்திய. எனக்குன்னா தரையில போடுதிய."

ரோச் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஏளா கூறுகெட்டவளே, கத்தியக் கைக்குக் கை குடுத்தா ரெண்டு பேரும் பிரிஞ்சிருவாவன்னு தோணில அத்தன பேரும் சொல்லுவாவ. கீழ வச்சுத்தான் எடுக்கணும். விஜிலாகூட சண்ட வந்தா எனக்கென்ன? அவ அடிமாட்டு வெலைக்கு மீன் கேக்கா, வந்தா நல்லதுதான். உங்கூட வந்தா நான் எங்கனளா போவேன்?"

"இத மொதல்லயே சொன்னா என்னவாம்?"

"பிரியுததுன்னு வாயால சொல்லவே பயமா இருந்துச்சு."

அல்போன்சா ஓடிப்போய் உப்புப் பானைக்குள் கையை விட்டாள். கத்தி துருவேறி, திறக்க வராமல் இறுகிக் கிடந்தது. எடுத்துவந்து, அவன் கை நீட்டியதும் கொடுக்கப் போனவள், சட்டென்று இழுத்துக்கொண்டாள். குனிந்து தரையில் வைத்து, விரலால் அவன் பக்கம் தள்ளினாள்.

ரோச் துருவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "உப்புலயாளா வச்ச?" என்றான். தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்துக் கத்தியின் மேல் சாய்க்கப் போனான்.

அவளுக்கு மறுபடியும் சுருக்கென்றது. கொண்டையை அவிழ்த்துவிட்டு அவன் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"மொதல்ல எனக்கு வைங்க. இந்தச் சக்களத்தி காத்துக் கெடக்கட்டும்."