ஒரு சொல்லுக்கு ஒரு துண்டு கருப்பட்டி

ஞானசெல்வி 1951 பங்குனியில், நான்கு வயதில், முதன்முதலாக வாயைத் திறந்து "பூனை" என்று சொன்னாள். அந்த நிமிஷமே பூனை இல்லாமல் போயிற்று. ஓடவில்லை, சாகவுமில்லை. பேச்சுப் பழக்க வந்த ஞானபாயின் மடியில் இருந்தது, பிறகு மடி மட்டும் இருந்தது. சேலையில் நாலைந்து வெள்ளை மயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. பேசாத பிள்ளை பேசிவிட்ட கூத்தில் பூனையை யார் தேடுவார்கள்? பிள்ளை ஒருத்திதான் தேடினாள். அவள் வாயில் ஒரு துண்டு கருப்பட்டியைத் திணித்து உட்கார வைத்தார்கள்.

ஊர் பெயர் பனவிளை. குளச்சலுக்குக் கிழக்கே இரண்டு மைல். கடலின் சத்தம் கேட்கும், கடல் தெரியாது. தகப்பன் தங்கையன் பனையேறி. அவன் இறக்கிவரும் அக்கானி என்னும் பதநீரைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டியாக்குவது அவன் மனைவி சத்தியபாயின் பாடு. நாடு விடுதலையான வருஷம் பிறந்த ஒரே பிள்ளை ஞானசெல்வி. காதில் பழுதில்லை, பின்னால் ஓலை விழுந்தால் திரும்பிப் பார்ப்பாள். பேச்சு மட்டும் இல்லை. கிணற்றடியில் மற்றப் பிள்ளைகள் "அம்மோ, அம்மோ" என்று முந்தானையைப் பிடித்து இழுக்க, பெண்கள் சத்தியபாயைப் பார்த்து, "உனக்கு என்ன, நச்சரிக்கிற சல்லியம் இல்லாத பிள்ளை" என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு அவள் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. பிள்ளை படிக்க வேண்டாம், பாட வேண்டாம். ஒருதடவை "அம்மை" என்று தன்னைக் கூப்பிட்டால் போதும் என்று கிடந்தாள். அவளுடைய ஆசை அவ்வளவுதான். கேடு முழுக்க அதிலிருந்துதான் வந்தது.

கிழக்கே ஒரு மிஷன் விடுதியில் பேச்சு வராத பிள்ளைகளுக்கு ஆயாவாக இருந்துவிட்டுத் திரும்பியிருந்தாள் ஞானபாய். ஆயா என்று கூப்பிட்டால் கோபம் வரும், டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும். அவளிடம் ஒரு முறை இருந்தது. பிள்ளைக்கு எது உயிரோ அதை எடுத்து எட்டாமல் வைத்துக்கொள். கை நீட்டினால் கொடுக்காதே. அழுதால் முகத்தைத் திருப்பிக்கொள். கண்ணைப் பார்த்தால் ஒரு துண்டு கருப்பட்டி. உதட்டைக் குவித்தால் ஒரு துண்டு. சத்தம் வந்தால் ஒரு துண்டு. ஒன்று வந்தபின் அதற்குக் குறைந்ததற்குக் கொடுக்காதே. "மனசு இளகினா கெட்டுது, சத்தியபாயி. பசிதான் நாக்கப் பொரட்டும்" என்பாள். முறையில் குற்றம் சொல்ல முடியாது. இரண்டே மாதத்தில் பூனை வந்தது, அதாவது போனது.

அடுத்து, தண்ணீர் குடிக்கும் சின்னச் செம்பு. அது போனதும் திருட்டு என்றார்கள். அதற்கடுத்து, நிழலில் அவள் மணிக்கணக்காய்ப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும் முற்றத்து முருங்கை. மரத்தை யார் திருடுவார்கள்? நின்ற இடத்தில் குழிகூட இல்லை, மண் சமமாக இருந்தது. சத்தியபாய் அந்த மண்ணைக் காலால் தடவிப் பார்த்தாள். ஞானபாய் அசரவில்லை. "முருங்கைக்குக் கம்பு வெட்டி நட்டா மூணு மாசத்தில தழைக்கும். பேச்சு அப்படித் தழைக்குமாட்டி?" என்று கேட்டாள். கேட்டால் கிடைக்கும் என்பது அவள் எடுத்த பாடம். சொன்னால் போய்விடும் என்பது பிள்ளை படித்த பாடம். பிறகு தனக்குப் பிரியமான எதைக் காட்டினாலும் ஞானசெல்வி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பிரியமில்லாததைக் காட்டினால் சொன்னாள். இதை ஊர் வெகு சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டது. நாஞ்சில்நாட்டு வயல்காரர் கோலப்பபிள்ளை கழுத்தில் தேங்காய் அளவு கழலையோடு வில்வண்டியில் வந்தார். அரைநாள் பட்டினியில் பிள்ளை "கழலை" என்றாள். கழுத்து வழவழவென்று ஆயிற்று. ஒரு வாழைக்குலையை இறக்கி வைத்துவிட்டுப் போனார். வடக்குத்தெரு ஞானதாசன், பிள்ளையை இடுப்பில் தூக்கிப்போய் எல்லைக் கல்லைக் காட்டினான்; கல் போயிற்று, அந்த விளைநிலத்துக்காக அவனும் தம்பியும் வெட்டிக்கொண்டார்கள். ஒரு மருமகள் மாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அதை மட்டும் ஞானபாய் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆளுகளுக்க பேரச் சொல்லிக் குடுக்கியதில்ல" என்று கையை விரித்துவிட்டாள்.

அந்தச் சட்டத்தில் "அம்மை"யும் அடிபட்டுப் போயிற்று. ஊரார் வீட்டுக் கல்லையும் கழலையையும் தன் பிள்ளை வாய் நிறையச் சொல்வதைக் கேட்டபடி சத்தியபாய் அடுப்பு எரித்தாள். அவள் காய்ச்சிய கருப்பட்டிதான் எல்லாச் சொல்லுக்கும் கூலி.

தங்கையன் இந்தப் பள்ளிக்கூடத்தில் தலையிடவில்லை, மதிக்கவும் இல்லை. பனையிலிருந்து இறங்கியதும் நுங்கோ அக்கானியோ பிள்ளை கையில் கொடுப்பான். பெயர் கேட்க மாட்டான். "தின்னு மக்கா. தின்ன வாய்தானே, பேசவா செய்யணும்?" என்பான். 1952 ஆனியில் ஒருநாள் அவன் அக்கானிக் குடுவையோடு நடையில் வருவதைப் பார்த்து, ஞானசெல்வி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி, யாரும் சொல்லிக்கொடுக்காமல், கருப்பட்டி எதுவும் இல்லாமல், "அப்பா" என்றாள். குடுவை விழுந்து உடைந்தது. அக்கானி மண்ணில் நுரைத்தது. விரித்த கையோடு பிள்ளை அப்படியே நின்றாள். போலீஸ்காரர் வந்து ஆளைக் காணவில்லை என்று எழுதிக்கொண்டு போனார்.

சத்தியபாய் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். ஆனால் அவளுக்கு முதலில் வந்த நினைப்பு புருஷனைப் பற்றியது அல்ல. அவனைத்தானே விளித்தாள், என்னை இல்லையே என்பதுதான். இதை அவள் எந்தப் பாதிரியாரிடமும் சொல்லவில்லை. நமக்கு மறைக்க ஒன்றுமில்லை.

போனவனைத் திரும்ப வரவழைக்கவும் வழி சொன்னாள் ஞானபாய். "ஒருக்கா சொன்னா போச்சுதில்லியா? இன்னொருக்கா சொன்னா வருவான்." அதுவரை ஒரு பருக்கை கொடுக்கக் கூடாது. பிள்ளையை உரல்காலில் கட்டினார்கள். கட்டியது சத்தியபாயின் கை. முதல்நாள் பிள்ளை கத்தினாள், இரண்டாம்நாள் மண்ணை நக்கினாள். மூன்றாம்நாள் காலை ஞானபாய் கருப்பட்டித் துண்டை அவள் மூக்குக்கு நேரே பிடித்து, "சொல்லு, அப்பா" என்றாள். ஞானசெல்வி அவள் கண்ணை நேராகப் பார்த்தாள், முறைப்படி உதட்டைக் குவித்தாள், பிசிறில்லாமல் "டீச்சர்" என்றாள். துண்டு மண்ணில் விழுந்தது. பிடித்திருந்த கை இல்லை, ஆளும் இல்லை. பிள்ளை குனிந்து எடுத்து, மண்ணைத் தட்டிவிட்டுத் தின்றாள்.

அதற்குப்பின் அந்த முற்றத்தில் ஒரு காக்கை இறங்கவில்லை. தெருவில் ஞானசெல்வி வந்தால் தாய்மார் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவை அடைத்தார்கள். கழலை போன கோலப்பபிள்ளையும் வண்டியைச் சுற்றுவழியில் விட்டார். வீட்டில் தாயும் மகளும் மட்டும். சத்தியபாய்க்கு உயிர் வெறுத்துப்போயிற்று. அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது: ஒரே சொல்லில் இரண்டு காரியம் முடியும். கேட்க ஆசைப்பட்டதைக் கேட்டுவிடலாம், அவன் போன இடத்துக்கும் போய்விடலாம்.

கடைசிக் கருப்பட்டியை எடுத்துக்கொண்டு மகளுக்கு எதிரே உட்கார்ந்தாள். "என்ன ஒருக்கா விளி மக்கா. அம்மைண்ணு விளி."

ஞானசெல்வி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்பன விளிச்சியே. அந்த மூதேவியக்கூட விளிச்சியே. எனக்க பேருதான் உனக்குக் கசக்குதாட்டி?"

அன்று சோறு இல்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம்நாள் பனமட்டையால் அடித்தாள். மட்டையின் கருக்கு பிள்ளையின் முதுகைக் கிழித்தது. பொத்திய கையை அவள் எடுக்கவில்லை. அடித்துக் களைத்து மட்டையைப் போட்டுவிட்டு, சத்தியபாய் சுவரில் சாய்ந்து ஓவென்று அழுதாள். அழுது முடித்து, சத்தம் அடங்கி, சும்மா இருந்தாள்.

அப்போது பிள்ளை எழுந்து வந்தாள். தரையில் கிடந்த கருப்பட்டியில் ஒரு துண்டு உடைத்துத் தாயின் வாயில் வைத்தாள். சத்தியபாய் மென்று விழுங்கி, "விளிட்டி" என்று ஆரம்பித்ததும் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சத்தியபாய் வாயை மூடினாள். மூடியதும் இன்னொரு துண்டு வந்தது. மறுபடி கேட்டாள், இல்லை. கேட்காமல் இருந்தாள், கிடைத்தது. ஞானபாயின் முறை, அணுப் பிசகவில்லை. பட்டினி கிடந்த பிள்ளை தனக்கென்று ஒரு துண்டும் எடுக்காமல் முழுவதையும் தாய்க்கே ஊட்டித் தீர்த்தாள். கருப்பட்டி தீர்ந்தபோது, இந்த வாய் ஏன் திறக்கவில்லை என்று சத்தியபாய்க்குப் புரிந்துவிட்டது. கிழிந்த அந்த முதுகில் தேங்காயெண்ணெய் தடவக்கூட அவளுக்குக் கை எழவில்லை.

பிறகு அவள் கேட்கவே இல்லை. 1956-இல் ஜில்லா மதராஸ் ராஜ்யத்தோடு சேர்ந்தபோது கணக்கெடுக்க வந்த குமாஸ்தா, ஒன்பது வயது ஞானசெல்வியைக் காட்டி, "ஊமையா?" என்றார். "இல்ல சாரே, எல்லாம் பேசுவா. என்ன மட்டும் இன்னும் விளிக்கல்ல" என்று சத்தியபாய் கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். குமாஸ்தா ஊமை என்று எழுதிக்கொண்டார்.

பனவிளைக்காரர்களுக்கு இது பழகிப்போயிற்று. விடிந்ததும் யாராவது கிணற்றடிப் பக்கம் எட்டிப் பார்ப்பார்கள். சத்தியபாய் தண்ணீர் இறைத்துக்கொண்டு நிற்பாள். மகள் இன்றும் அம்மையைக் கூப்பிடவில்லை என்று தெரிந்துகொண்டு, அவரவர் வேலையைப் பார்க்கப் போவார்கள்.