கடைமடையில் மூன்று ரகம்

எண்பத்திரண்டாம் வருஷம் விவசாய அதிகாரி சோமசேகரன் நெடுங்காட்டில் ஒரு வயல் கேட்டார். மூன்று நெல் ரகங்களைப் பக்கம் பக்கமாக நட்டு, கதிர் வரும் பருவத்தில் தண்ணீரை நிறுத்தி, எது தாங்குகிறது என்று பார்க்க வேண்டும். தெரிந்தே பயிரைக் காயப்போட யார் சம்மதிப்பார்கள்? சொர்ணாம்பாள் சம்மதித்தாள். கணவர் குஞ்சிதபாதம் காரைக்காலில் குமாஸ்தா. சாகுபடி முழுக்க அவள் பொறுப்பு. அவள் நிலம் வாய்க்காலின் கடைசியில், கடைமடையில் இருந்தது. வாய்க்கால் தண்ணீர் வராமல் நெல் மணி பிடிக்காமல் சாவியாய்ப் போவதை அவள் பலமுறை பார்த்திருக்கிறாள்.

கார்த்திகையில் மழை ஏமாற்றியது. வாய்க்காலும் வறண்டது. நெட்டைச் சம்பாவும் குட்டை ரகமும் எப்படியோ பச்சையாக நின்றன. நடுவிலிருந்த புது ரகம் மட்டும் இலையைக் குழலாய்ச் சுருட்டிக்கொண்டு செத்ததுபோல் நின்றது. எண்ணெய் எஞ்சின் வைத்திருந்த கொழுந்தன் அம்பலவாணன், அதை மாட்டுக்கு அறுத்துப் போட்டுவிட்டு மற்ற இரண்டுக்கும் தண்ணீர் இறைத்துக்கொள்ளச் சொன்னான்.

சோமசேகரனுக்கே மனசு கேட்கவில்லை. "வீட்டுச் சாப்பாட்டு நெல்லும் இதுதானேம்மா. தண்ணி விட்டுடுங்க. சோதனைய அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார்.

"தண்ணி விட்டா மூணும்தான் விளையும் சார். எது தாங்குச்சுன்னு எப்படித் தெரியும்? அடுத்த வருஷமும் மழை ஏமாத்துனா, எதை விதைக்கிறதுன்னு தெரியாமத்தானே நிப்போம்?"

அந்த ஞாயிற்றுக்கிழமை குஞ்சிதபாதம் வரப்பில் நின்று வெடித்த மண்ணை வெகுநேரம் பார்த்தார். பிறகு தம்பி வீட்டுக்குப் போய், அவள் கேட்காமல் அந்த வயலில் ஒரு சொட்டு விடக்கூடாது என்று சொல்லிவிட்டு வந்தார்.

தண்ணீரில்லாத அந்தக் காய்ச்சலிலேயே நெட்டைச் சம்பா பூத்தது. மணி சரியாகப் பிடிக்கவில்லை. குட்டை ரகத்தின் கதிர் மடலை விட்டுப் பாதிதான் வெளியே வந்தது. மார்கழியில் இரண்டு நாள் தூறல் விழுந்தபோது சுருண்டிருந்த புது ரகம் இலையை விரித்தது. அதுவரை பூக்காமல் பொறுத்திருந்த பயிர் அதற்குப் பிறகுதான் கதிர் விட்டது. சொர்ணாம்பாள் ஒரு மணியை நசுக்கினாள். விரலில் பால் ஒட்டியது. பக்கத்தில் ஆளில்லாவிட்டாலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

மூன்றையும் தனித்தனியாக அடித்துத் தூற்றினார்கள். நெட்டைச் சம்பாவில் பாதிக்கு மேல் பதராய்ப் பறந்தது. குட்டை ரகம் கொஞ்சம் தேறியது. புது ரகத்து நெல் களத்தில் கனமாக விழுந்து குவிந்தது. நல்ல மழை வருஷத்து விளைச்சல் இல்லைதான். ஆனால் அந்த வருஷம் கடைமடையில் அப்படி ஒரு குவியல் வேறெங்கும் இல்லை. சோமசேகரன் தராசை இரண்டு முறை பார்த்தார். அம்பலவாணன் ஒரு பிடி அள்ளி ஊதிப் பார்த்தான். பறக்க ஒன்றுமில்லை. "விதைக்கு எனக்கும் ஒரு மூட்டை வையுங்க அண்ணி" என்றான்.

அறுவடை முடிந்து காரைக்காலில் விவசாயிகள் கூட்டம் நடந்தது. சோமசேகரன் தான் பேச வேண்டிய இடத்தில் சொர்ணாம்பாளைப் பேச அழைத்தார். எந்தப் பருவத்தில் எந்த ரகம் எப்படி நின்றது என்று, மேடையில் நிற்கும் கூச்சம் துளியும் இல்லாமல், அவள் வயலில் பேசுவதுபோலவே சொன்னாள். கடைசி வரிசையில், அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்த குஞ்சிதபாதத்திடம் பக்கத்திலிருந்தவர் அந்த அம்மா யார் என்று விசாரித்தார்.

"என் சம்சாரம்" என்றார் அவர். முன் வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக.