நிழலுக்கு நாலு கால்

அறுபத்தாறாம் வருஷத்துச் சித்திரை மாதம். தனசீலன் செம்பூரிலிருந்து வாய் திறந்த தார் டிரம்கள் நாலைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து தாராவிக் குடிசை வாசலில் இறக்கினான். பார்த்ததுமே அவன் பெண்டாட்டி சகாயராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாசலில் ஒரு பந்தல் போடச் சொல்லி ஒரு மாதமாகக் கரடியாய்க் கத்திக்கொண்டிருந்தாள். தகரக் கூரைக்கு அடியில் பகலில் சோறு வேக அடுப்பே வேண்டாம், அப்படி ஒரு வேக்காடு. கைப்பிள்ளை சேசம்மாளுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. போன வாரம் கண் சொருகி, கைகால் வெட்டி இழுத்துவிட்டது. பகலில் வெளியே நிழலில் போடு, இன்னொரு தடவை இப்படி வந்தால் என் கையில் இல்லை என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். நிழலுக்கு எங்கே போவது? மரமா, மண்டபமா இருக்கிறது அந்தச் சந்தில்? பந்தல் போட்டு, அதன் விட்டத்தில் தொட்டில் கட்டினால்தான் உண்டு.

"பந்தக்கால டிரம்முல நிப்பாட்டி ஜல்லியக் கொட்டிருவோம்ட்டி. முன்சிபால்டி லாரி வந்தா உருட்டி உள்ள தள்ளிரலாம். மண்ணுல நட்டா நெரந்தரமா கட்டுனது, பக்காங்கான், பிடுங்கிப் போட்டுருவான்."

"என்ன பேச்சு பேசுதிய? காத்தடிச்சா டிரம்மு சாஞ்சு பந்தலு பிள்ள தலையிலலா விழும்?"

"மான்குர்த்துல நட்டோம்லா. பாத்தேல்லா?"

பார்த்தாள்தான். முன்பு குடியிருந்த மான்குர்த்தில் அவன் ஆழமாக நட்ட கால்களை முனிசிபாலிட்டிக்காரர்கள் லாரியில் கயிறு கட்டி இழுத்தார்கள். கால்கள் வரமாட்டேன் என்று நின்றதில் வீட்டின் முன்சுவரும் சேர்ந்து வந்தது. அன்றிலிருந்து மனுஷனுக்கு எதை ஊன்றவும் பயம். கட்டில் வாங்கச் சொன்னால் பாய் போதும் என்பான், சுருட்டிக்கொண்டு ஓடலாம் அல்லவா! பிள்ளை பெற்றவளுக்கு இந்த மூட்டை கட்டிய பிழைப்பு அலுத்துப்போயிற்று.

மறுநாள் அவன் வேலைக்குப் போனதும், பக்கத்து வீட்டுப் பேராச்சியிடம் கடப்பாரை வாங்கி அவளே தோண்ட ஆரம்பித்தாள். பேராச்சி பிள்ளையை மடியில் போட்டு விசிறிக்கொண்டே, "ஏட்டி, ஒனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? ஒன் வீட்டுக்காரரு வந்து ஏசப் போறாரு" என்றாள். முழங்கால் ஆழத்தில் மண் முடிந்துவிட்டது. அதற்குக் கீழே தோல் துண்டுகள். பதனிட்டு மிஞ்சிய கழிவை ஒரு காலத்தில் சதுப்பில் கொட்டி மேடாக்கிய இடம் அது. அதற்கும் கீழே கறுப்புத் தண்ணீர் ஊறியது. மூங்கிலை இறக்கிப் பார்த்தாள்; தொட்டதும் சாய்ந்தது. டிரம்மும் ஆகாது, மண்ணும் ஆகாது என்றால் பிள்ளையை எங்கேதான் போடுவது, மாதாவே? சேற்றுக் கையோடு குழியோரம் உட்கார்ந்து அழுதாள்.

சாயங்காலம் தனசீலன் வந்தான். என்ன பேச்சு வரப்போகிறதோ என்று அவள் தலை குனிந்து நின்றாள். அவனோ பேராச்சி மடியில் சிணுங்கிய பிள்ளையின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தான். பிறகு சட்டையைக் கழற்றிப் போட்டுக் குப்புறப் படுத்து, தோள்வரை குழிக்குள் கைவிட்டுத் துழாவினான்.

"அடில மண்ணு கட்டியா இருக்கு. அதுக்குள்ள இன்னும் ஒரு முழம் போணும்."

"தண்ணி ஊறுது. தோண்டத் தோண்டச் சரியுதே."

"சரியாம சுத்தி கெணத்து ஒற மாதிரி ஒண்ணு எறக்கணும்."

ஒரு டிரம்மைப் படுக்கவைத்து, உளியையும் சுத்தியலையும் எடுத்து அதன் அடித்தகட்டில் வைத்தான். அவளுக்குப் புரிந்துவிட்டது. அடியை வெட்டிப் புதைத்த டிரம்மை எங்கே உருட்டிக்கொண்டு ஓடுவது?

"லாரி வந்தா?" என்று இப்போது அவள் கேட்டாள்.

"வரட்டும், அப்பம் பாப்போம். நீ பிடி, உருளுது."

அவள் டிரம்மைக் கால்களுக்கிடையே இடுக்கிப் பிடித்தாள். விழுந்த ஒவ்வொரு அடியும் எலும்பு வரை ஏறியது. தகடு கழன்று விழுந்ததும் அவன் அடுத்த டிரம்மை இழுத்தான். முதல் டிரம்மின் வழியே பார்த்தால், அந்தப் பக்கம் பேராச்சியின் மடியும், அதில் உதைத்துக்கொண்டிருந்த பிள்ளையின் இரண்டு பாதங்களும் மட்டும் வட்டமாகத் தெரிந்தன.