கயிற்றில் இறங்கியவருக்கு ஒரு சங்கரா மீன்

வங்கக் கடலோரத்துக் கடற்படை விமானத் தளத்தின் இமையாத கண்ணால்தான் பாரத தேசத்தின் கிழக்கு வாசல் காக்கப்படுகிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நாலாம் வருஷத்து ஆண்டு விழாவில் தளபதி இப்படித்தான் ஆரம்பித்தார். உலகப் போருக்காக வெள்ளைக்காரன் போட்ட ஓடுதளம் அது. போர் முடிந்தபின் நாற்பது வருஷம் அதில் ஆடு மேய்ந்தது, மிளகாய் காய்ந்தது. அதைத் தளபதி ‘இடைக்காலம்’ என்று ஒரே சொல்லில் தாண்டினார்.

முன்வரிசையில் சாட்சியாக உட்கார்ந்திருந்தார் கோவளத்து மீனவர் சவுரிமுத்து. கட்டுமரம் கவிழ்ந்து, சிவப்பு பிளாஸ்டிக் டிரம் ஒன்றைக் கட்டிப்பிடித்து ஒரு ராத்திரியும் ஒரு பகலும் மிதந்தவரை இந்தத் தளத்து ஹெலிகாப்டர்தான் தூக்கி வந்தது. “முந்நூறு சதுர மைல் கடலைச் சல்லடை போட்டுச் சலித்தோம்” என்று தளபதி முழங்க, சவுரிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொன்னாடை போர்த்தினார்கள், சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள்.

அவர் தேடி வந்ததோ கயிற்றில் தொங்கி வந்து தம் இடுப்பைப் பிடித்த ஆளை. மனைவி அமலராணி மாதாவுக்கு நேர்ந்திருந்தாள்: அந்த ஆள் தன் கைச் சமையலில் ஒரு மீனாவது தின்கிற வரைக்கும் புருஷன் கடலில் இறங்கக் கூடாது. நாலு மாதமாக வீட்டில் வருமானம் இல்லை.

“அவரா? லீவுல போயிருக்கார். மேற்குத் தாம்பரத்துல வீடு” என்றார்கள் தளத்தில்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறி, தூக்குவாளியில் வறுத்த சங்கராவோடு புருஷனும் பெண்டாட்டியும் அந்த வீட்டு வாசலில் நின்றார்கள். கதவைத் திறந்தவள் அபிதகுஜாம்பாள். மடிசார், விபூதி. அமலராணி தூக்குவாளியை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

“கயித்துல எறங்குனாரே, அந்த சார் வூடு இதாம்மா?”

“என் பிள்ளை பட்டாபிராமன் நேவியில இருக்கான். என்ன விஷயம்?”

“அவரேதான்! உன் புள்ள இல்லாங்காட்டி இவ இந்நேரம் தாலியறுத்துகினு நிப்பா.”

அபிதகுஜாம்பாள் கதவை அகலத் திறந்தாள். உள்ளே உட்காரவைத்துக் காபி கொடுத்தாள். வாளியிலிருந்து வாசனை கிளம்பியபோது மட்டும் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள்.

பட்டாபிராமன் வந்தான். சவுரிமுத்து அவன் வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவன் நெளிந்தான்.

“அண்ணா, ஒண்ணு சொல்லிடறேன். அன்னிக்கு நாங்க உங்களைத் தேடி வரலை. பயிற்சிக்குப் போட்ட சிவப்பு மிதவை ஒண்ணு காணாமப் போச்சு. உங்க டிரம்மைப் பார்த்துட்டு, அதுதான்னு எறங்கினேன். கிட்ட வந்தப்புறம்தான் பக்கத்துல ஒரு தலை தெரிஞ்சுது.”

சவுரிமுத்து காபி சிந்தச் சிரித்தார். “இதுக்கா சார் பேஜாராவுறே? ஆளுன்னு தெரிஞ்சதும் வுட்டுட்டா போனே? புடிச்ச கை இதானே!”

“அந்த மெதவைக்கும் ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டாப் போச்சு” என்ற அமலராணி, மென்று விழுங்கி நேர்ச்சையைச் சொன்னாள். “ஒரு வாய் போதும் தம்பி. அப்பதான் இவுரு கடலுக்குப் போவாரு. நாலு மாசமா அடுப்பே எரியல.”

அபிதகுஜாம்பாள் எழுந்தாள். சவுரிமுத்து செருப்பைத் தேடினார். அவளோ கொல்லைப் பக்கம் போய் ஒரு வாழையிலை அறுத்துவந்து, துவைக்கிற கல்லருகே விரித்தாள்.

“நாலு மாசமா அடுப்பு எரியலைங்கறா. மூச்சைப் பிடிச்சுண்டு முழுங்கிடுடா. கஷாயம்னு நெனச்சுக்கோ. முள் இருக்குமாம், ஜாக்கிரதை!”

அமலராணி இலையில் மீனை வைத்தாள். பட்டாபிராமன் நடு முள்ளை நுனியில் பிடித்து ஒரே இழுப்பில், ஒடியாமல், உருவி இலை ஓரத்தில் வைத்தான். மீனின் கன்னத்துச் சதையைக்கூட விடவில்லை. நாற்பது வருஷமாக மீன் தின்கிற சவுரிமுத்துவுக்கே அந்தக் கைச்சுத்தம் கிடையாது.

“மாதாவே!” என்று அமலராணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “நாளைக்கே மரத்தை எறக்கிடுய்யா.”

அபிதகுஜாம்பாள் இலை ஓரத்து முள்ளைப் பார்த்தாள். “எட்டு வருஷமா மெஸ்ஸுல வெறும் தயிர்சாதம்னுதானேடா எழுதினே?”

பட்டாபிராமன் வாயில் மீன் இருந்தது.