பாட்டு வராத வேகம்

திரிபோ கூடத்து சோபாவில் வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஆனால் அவர் மனைவி தாரிங்காவின் கைபேசியில் அவர் விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தார்.

அவள் திரையைப் பார்த்தாள், சோபாவைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். அந்தச் சின்னச் சிவப்பு இதயம் படபடவென்று துடித்தது. எண் ஏறியது, கொஞ்சம் தணிந்தது, படியேறுகிறவருக்கு எகிறுவது போல மறுபடி எகிறியது. அவர் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். கரையில் கட்டிக் கிடக்கும் படகு மாதிரி அது சாவகாசமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சட்டைக் கையை ஒதுக்கினாள். இதயத்துடிப்பை எண்ணிக் கைபேசிக்கு அனுப்பும் கடிகாரம் மணிக்கட்டில் இல்லை.

"திரிபோ, வாட்ச் எங்கே?"

அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "எந்த வாட்ச்?"

"டாக்டரம்மா கொடுத்த வாட்ச். இன்னிக்கு நடந்தியா இல்லியா?"

"நடந்தேனே." கை தானாக நெஞ்சுக்குப் போனது. "மூச்சு வாங்கிடுச்சு." திறந்த கண்ணை மூடிக்கொண்டார்.

காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் திணறுவார். மகன் எந்த ஊரில் இருக்கிறான் என்று கேட்டால் செத்துப்போன தன் தம்பியின் பெயரைச் சொல்வார். இந்த ஒரு பதில் மட்டும் ஒரு நாளும் தவறியதில்லை.

போன இலையுதிர் காலத்தில்தான் டாக்டர் இவானா சொன்னார். "அல்சைமரைக் குணமாக்க எங்ககிட்ட மருந்து இல்லம்மா. ஆனா வேகமா நடந்தா சிலருக்கு ஞாபகம் மெதுவாத்தான் இறங்குது. நிச்சயம்னு சொல்ல மாட்டேன். முயற்சி பண்ணலாம்."

"எவ்வளவு வேகம் டாக்டர்?"

"பேச்சு வரணும், பாட்டு வரக்கூடாது. பாடிக்கிட்டே நடக்க முடியுதுன்னா அது நடையே இல்ல, உலாத்தல்."

தாரிங்காவுக்கு முட்டியில் அறுவைச் சிகிச்சை நடந்து ஆறாத நேரம் அது. ஹெர்செக் நோவி படிக்கட்டாலேயே கட்டிய ஊர். கடற்கரை நடைபாதைக்கு இறங்கவே அவளுக்குக் கைப்பிடி வேண்டும். அதனால் வாசோ முன்வந்தார். வாசோ அவர்களுக்குக் கூம். கல்யாணத்தில் இருவருக்கும் பின்னால் நின்ற சாட்சி, மகனை ஞானஸ்நானத்துக்குக் கையில் ஏந்தியவர். கூடப் பிறந்தவனோடு கோர்ட்டுக்குக் கூடப் போகலாம், கூமிடம் குரலை உயர்த்தக் கூடாது. அப்படிப்பட்டவர் தினமும் வந்து அழைத்துப் போகிறார் என்றால் அதைப் போய் எட்டிப் பார்ப்பதே அவமரியாதை. தாரிங்கா ஒரு நாளும் எட்டிப் பார்க்கவில்லை. அவர்கள் திரும்பும் நேரத்துக்கு மாவு உருண்டைகளைச் சூடாகப் பொரித்து, தேனை ஊற்றி, வாசோவுக்கு ஒரு கோப்பை ராக்கியாச் சாராயமும் எடுத்து வைப்பாள்.

"அடடா, கூமா, நடந்த களைப்பெல்லாம் இதுல போயிடும்" என்பார் வாசோ, விரலை நக்கிக்கொண்டே. கூம் உறவில் பெண்ணைக் கூமா என்றுதான் அழைப்பார்கள்.

போன வாரம் பரிசோதனைக்குப் போயிருந்தார்கள். காகிதத்தில் சுவர்க் கடிகாரம் வரையச் சொன்னதற்கு திரிபோ வட்டத்துக்கு வெளியே எண்களைக் கொட்டி வைத்தார். டாக்டர் கைபேசிக் கணக்கையும் காகிதத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "இதயம் நாற்பது வயசுக்காரரோடது மாதிரி வேலை செய்யுது. இவ்வளவு நல்லா நடந்தும் ஞாபகம் இறங்குதுன்னா, இவருக்கு நடை பலன் தரலன்னு தான் எடுத்துக்கணும். மனசைத் தேத்திக்கோங்க."

தாரிங்கா தேற்றிக்கொண்டாள். ஒரு வாரமாகத் தேற்றிக்கொண்டேதான் இருந்தாள்.

இப்போது பக்கத்து வீட்டுக்காரியைத் துணைக்கு உட்கார வைத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். நடைபாதையின் முதல் காப்பிக் கடையிலேயே பதில் கிடைத்தது. பரிமாறுகிற நெவென்கா தட்டைத் தலைக்கு மேல் தூக்கியபடி உள் படியிலிருந்து மேல்தளத்துக்கு ஏறி வந்தாள். தூக்கிய கையில் அந்தக் கறுப்பு வார்க் கடிகாரம்.

"நெவென்கா, அது யாரோட வாட்ச்?"

"ஐயோ, தாரிங்கா அக்கா! திருப்பிக் குடுக்க மறந்தே போச்சு. ஜெர்மன்காரங்க கும்பலா வந்து உட்கார்ந்துட்டாங்க, தலை கால் புரியல."

"தினமும் நீதான் போட்டுக்கிறியா?"

நெவென்காவின் சிரிப்பு பாதியில் நின்றது. "வாசோ அண்ணன்தான் போட்டுக்கச் சொன்னாரு. உங்களுக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன். சமையல்கட்டு கீழ, மேசையெல்லாம் மேல, எனக்கு நாள் பூரா ஓட்டம்தானே. உன் இதயம் ஆஸ்பத்திரிக்குப் போகுதுடின்னு கிண்டல் பண்ணுவாரு."

"அவங்க ரெண்டு பேரும்?"

"அந்த மூலை மேசை. காப்பியும் சீட்டுக்கட்டும். உங்க வீட்டு உருண்டை வாசனை வந்தாத்தான் எழுந்திருப்போம்னு..." நெவென்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். கடிகாரத்தை அவசரமாகக் கழற்றி நீட்டினாள்.

உருண்டை என்ற சொல்தான் தாரிங்காவைச் சுட்டது. ஒவ்வொரு காலையும் எண்ணெய்ச் சட்டியின் முன்னால் நின்றது அவள் முட்டிதானே.

வாசோ படகுத்துறையில் தன் படகுக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தார். அவள் கையில் கடிகாரத்தைப் பார்த்ததும் தூரிகையை டப்பாவில் போட்டார்.

"கூமா..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். ஒரு நாளாவது அவனை நடக்க வச்சீங்களா?"

"முதல் நாள் மட்டும்."

"அப்புறம்?"

"அவன்தான் வேண்டாம்னான்." வாசோ கையைத் துணியில் துடைத்தார்; துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். "அப்ப அவனுக்கு நல்லாத் தெளிவு இருந்துச்சு. ஆயுசு பூரா கப்பல் இன்ஜின் ரூம்ல ஏறி இறங்கியாச்சுடா, இனிமே நாயைப் பழக்கற மாதிரி என்னைக் கயிறு கட்டி இழுக்காதீங்க. மறக்கத்தான் போறேன்னா கடலைப் பாத்துக்கிட்டே மறந்துட்டுப் போறேன்னு சொன்னான். தாரிங்காவுக்குச் சொன்னா மனசு ஒடிஞ்சுடுவா, சொல்லாதேன்னான். கூம் உறவு மேல ஆணை வாங்கிக்கிட்டான். நான் என்ன பண்றது?"

"எங்கிட்ட வந்து சொல்றது!"

"ஆணையை எப்படி மீறறது?"

"நீ அவனுக்கு மட்டுமா கூம்?" மரியாதை அவள் வாயிலிருந்து தானாகக் கழன்று விழுந்தது. அவளுக்கே அது கேட்டது. எடுத்து ஒட்டவைக்கத் தோன்றவில்லை. "கல்யாணத்துல எங்க ரெண்டு பேர் முதுகுக்கும் பின்னாலதானே நின்னே? என் முதுகு தெரியலியா உனக்கு? டாக்டர் என் மூஞ்சிக்கு நேரா, நடை பலிக்கலன்னு சொல்றாங்க. நடக்கவே இல்லாத நடை! பலிச்சிருக்குமோ பலிச்சிருக்காதோ, அதை இனிமே யாரு வந்து சொல்லுவா எனக்கு?"

"அவன் சந்தோஷமா இருந்தான் கூமா. எல்லா ஆட்டத்துலயும் அவனையே ஜெயிக்க விட்டேன்."

"என்னைத் தோக்கடிச்சு."

வாசோ குனிந்து டப்பாவைப் பார்த்தார். தூரிகை மெல்லச் சாயத்துக்குள் மூழ்கியது.

"நாளைக்கும் வா" என்றாள். "வழக்கம் போலக் கூட்டிட்டுப் போ. நான் வந்ததும் எழுந்து போயிடு. அதுக்கப்புறம் என் வீட்டுப் படி ஏறாதே."

மறுநாள் காலை அவள் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றவில்லை. அவர்கள் போன பின் கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கினாள். மூலை மேசையில் திரிபோ சீட்டுகளை விசிறி போலப் பிடித்து உட்கார்ந்திருந்தார். வாசோ அவளைக் கண்டதும் தொப்பியை எடுத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனார். அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள்.

திரிபோ நிமிர்ந்து பார்த்தார். பழைய கப்பல்காரர்களுக்கே உரிய மரியாதையோடு லேசாகத் தலையைச் சாய்த்தார்.

"உட்காருங்கம்மா. என் கூட்டாளி இப்ப வந்துடுவான். சீட்டு ஆடுவீங்களா?"

ஐம்பது வருஷத்துக்கு மேலாக 'நீ' தவிர வேறெதுவும் அவர் வாயிலிருந்து அவளுக்கு வந்ததில்லை. "நீங்க நடக்கப் போகலையா?" என்று அவளும் அதே மரியாதையோடு கேட்டாள்.

"நடக்கிறதா!" அவர் சுற்றும் முற்றும் பார்த்து, முன்னால் குனிந்து, உதட்டில் விரலை வைத்தார். கண்ணில் பள்ளிக்கு மட்டம் போட்ட குறும்பு. "நாங்க நடக்கிறதே இல்ல. என் வீட்டுக்காரிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. தாரிங்கான்னு பேரு. பாவம், நம்பிக்கிட்டிருக்கா."

பனிக்காலம் முழுக்க அந்தப் பெயருக்காகக் காத்திருந்தவள் அவள். சூப்பை நீட்டும்போதும், சட்டைப் பொத்தானைப் போடும்போதும், நான் யாரு சொல்லு, நான் யாருன்னு சொல்லு என்று கெஞ்சியிருக்கிறாள். வராத பெயர் இப்போது வந்துவிட்டது, முழுசாக, கணீரென்று.

அவள் எழுந்து அவர் கையிலிருந்த சீட்டுகளை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். கடிகாரத்தை அவர் மணிக்கட்டில் கட்டி வாரை இறுக்கினாள்.

"எழுந்திரு."

"எங்கே?"

"நடக்க."

"அவ அனுப்பிச்சாளா?" முகம் சுருங்கியது. "சொல்லிட்டீங்களா அவகிட்ட?"

"அவளுக்குத் தெரிஞ்சு போச்சு."

அவர் எழுந்தார். நடைபாதையில் அவர் கையைத் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் நடந்தாள். முட்டி ஒவ்வோர் அடிக்கும் முள்ளாகக் குத்தியது. கொஞ்ச தூரத்தில் அவருக்குக் கோபம் மறந்துவிட்டது. கடலைப் பார்த்தார், கப்பலில் பாடுகிற ஏதோ ஒரு பழைய பாட்டை எடுத்தார், ஏற்ற இறக்கம் பிசகாமல், மூச்சு முட்டாமல்.

பாட்டு வருகிறது. அப்படியென்றால் வேகம் போதாது.

பல்லைக் கடித்துக்கொண்டு தாரிங்கா நடையை எட்டிப் போட்டாள். அவர் குரல் தடுமாறியது. இன்னும் எட்டிப் போட்டாள். பாட்டு வார்த்தை வார்த்தையாக உடைந்து, கடைசியில் நின்றே போயிற்று. இருவர் மூச்சும் மட்டும் கேட்டது.

"என்னம்மா நீங்க," என்றார் திரிபோ, இரைத்துக்கொண்டு, "என் வீட்டுக்காரியை விட மோசமா இருக்கீங்க."

அவர் கையை அவள் இன்னும் இறுக்கிக்கொண்டாள். வேகத்தைக் குறைக்கவில்லை.